பெயருக்குப் பக்கத்தில் ஒரு ‘ம’

எங்கள் தெருவுக்கு நான்தான் படிவம் நிரப்புகிறவள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியது. அடையாள அட்டை, மின் இணைப்பு, வலை அனுமதி, மரணச் சான்றிதழ், எதுவாக இருந்தாலும் பின்னேரத்தில் யாராவது ஒருவர் கடதாசியோடு வாசலில் வந்து நிற்பார். உம்மா கதிரையைத் தூக்கிப் போடுவார். நான் உட்காருவேன், வந்தவர் நின்றுகொண்டே பதில் சொல்லுவார். கடலில் யாருக்கும் பயப்படாத மனிதர்கள் நான் கேட்கும் சின்னக் கேள்விக்குத் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்தக் கதிரை இல்லை. வாப்பா தன் பெயரை எழுதுவார், அவ்வளவுதான். உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அண்ணன், நாங்கள் நானா என்போம், பதின்மூன்று வயதில் வாப்பாவின் தோணியில் ஏறி, இன்றுவரை இறங்கவில்லை. வீடு கல்பிட்டிப் பக்கம், களப்பு என்கிற கடற்காயலின் தண்ணீரிலிருந்து கூப்பிடு தூரம். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பஸுக்கு, போன ஒரே ஆள் நான்.

படிவம் நிரப்பிப் பழகியவர்களுக்கு ஒரு நோய் வரும். எந்தக் கேள்வியும் சும்மா கேட்கப்படவில்லை என்று நினைப்பார்கள். எனக்கு அது வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வெள்ளம் நின்றபோது, உலர் உணவுப் பொதி கொடுப்பதற்கென்று ஒரு அலுவலகத்தில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் தெருவுக்கு நான்தான் போய் வாசித்துச் சொன்னேன். எல்லோருடைய பெயரும் இருந்தது. ஏழெட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் பேனையால் ஒரு சிறு எழுத்து. நான் அதைக் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை. பொதி வந்த நாள் அந்த ஏழெட்டு வீடுகளுக்கும் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “பட்டியல்ல போட்டிருக்கே, பாக்கல்லியா?” என்றார்கள். வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான்தான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் பெயரை விடப் பெயருக்குப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

கம்பஸில் இரண்டாம் வருடம் தொடங்கிய கிழமை, சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே மூன்று மொழியிலும் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். தமிழில் ‘துடைப்புப் படகுக் கழகம், எவரும் சேரலாம்’ என்று இருந்தது. துடுப்பைத் துடைப்பாக்கிவிட்டார்கள். தமிழ் என்றால் இவர்களுக்கு இவ்வளவுதான் என்று எரிச்சல் வந்தது. பேனையை எடுத்து வெட்டித் திருத்திக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் சிங்களத்தில் கேட்டது.

“நங்கி, என்ன கிறுக்குற?”

நங்கி என்றால் தங்கச்சி. கேட்டது நான்காம் வருட அக்கா ஒருத்தி. குருநாகல் பக்கத்து வயல் ஊர்க்காரி, என் தோள் அளவுக்குத்தான் இருப்பாள், ஆனால் குரல் மைதானம் முழுக்கப் போகும். அவள்தான் அந்தக் கழகத்தின் கெப்டன். நான் பிழையைக் காட்டினேன். துடைப்பு என்றால் கூட்டித் துடைக்கிற தும்புத்தடிக்காரர் வேலை என்று விளக்கினேன். அவள் சிரிக்காமல் கேட்டாள். பிறகு, “நீ சேரேன்” என்று ஒரு படிவத்தை நீட்டினாள்.

இங்கேயே என் சந்தேகம் ஆரம்பமானது. தமிழில் அறிவித்தல் எழுத ஒரு ஆள் தேவை, அதற்காகத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் படிவத்தை வாங்கினேன். படிவம் என்றால் என் கை தானாக நீளும்.

பெயர், பீடம், உயரம், நிறை, நீந்தத் தெரியுமா, இவற்றுக்கெல்லாம் எழுதினேன். கடைசிக்கு முதல் வரி: தந்தையின் தொழில். படகு தள்ளுவதற்கு வாப்பாவின் தொழில் என்னத்துக்கு? பேனை நின்றது.

முதலாம் வருடம் விடுதியில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் இது விளங்கும். உம்மா ஒரு பார்சல் அனுப்பியிருந்தார், அதில் கருவாடும் இருந்தது. பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி, என் அலுமாரியில் உடுப்புக்குக் கீழே வைத்தேன். இரண்டு நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கண்டியிலிருந்து வந்த அறைத்தோழி, நல்ல பிள்ளை, நல்ல தமிழ், முகத்தைச் சுளிக்காமல் மிக மரியாதையாகக் கேட்டாள்: “உங்கட வாப்பா மீன்காரரா?” மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மரியாதைதான் என்னைச் சுட்டது. “இல்ல, வியாபாரம்” என்றேன். கருவாட்டை அன்றே குப்பைத் தொட்டியில் போட்டேன். உம்மாவின் கை பட்ட கருவாடு.

படகுப் படிவத்திலும் ‘வியாபாரம்’ என்றே எழுதினேன். பொய் இல்லை. வாப்பா பிடிப்பதை வாப்பாதான் விற்கிறார்.

சேர்ப்பதற்கு முன் ஒரு சோதனை வைத்தார்கள். இரும்புத் தண்டவாளத்தில் வழுக்குகிற ஒரு இருக்கை, ஒரு கைபிடி, ஒரு சங்கிலி. ஏழு நிமிடம் இழுக்க வேண்டும். நான் கடைசியிலிருந்து நான்காவது. எனக்கு மேலே இருந்த இரண்டு பேரை எடுக்கவில்லை, என்னை எடுத்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

படகுகள் இருந்த இடம் கம்பஸில் இல்லை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து, பாலாவிச் சந்தியில் இறங்கி, கல்பிட்டி வீதியில் இன்னொரு பஸ் பிடித்து, உப்பளங்களைத் தாண்டினால் களப்புக் கரையில் தகரக் கூரை போட்ட கொட்டகை. அங்கிருந்து எங்கள் வீடு இன்னும் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. வீட்டை நோக்கிப் போகிற பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்குவேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. வீதியில் மீன் ஏற்றிய லொறி போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

படகில் நாங்கள் ஐந்து பேர். நாலு பேர் துடுப்பு வலிக்க, ஐந்தாவது ஆளாகக் கெப்டன் பின்பக்கத்தில் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பாள். முதல் நாள் ஏறி உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது: வலிக்கிறவர்கள் நாலு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் இருக்க வேண்டும். எதிரே வருவது தெரிகிற ஒரே ஆள் கெப்டன்.

எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் போக மாட்டார்கள். வாப்பா தோணியின் கடைசியில் நின்று கம்பை ஊன்றித் தள்ளுவார், கண் எப்போதும் முன்னுக்கு. களப்பு என்றால் முழுக்கத் தண்ணீர் என்று நினைக்கக் கூடாது. இடுப்பளவு ஆழம், முழங்காலளவு ஆழம், பாசி, சேறு, வலை, கம்பு. அதைப் பார்க்காமல் முதுகைக் கொடுத்துக்கொண்டு, இன்னொருத்தியின் கண்ணை நம்பிப் போக வேண்டும். அதுவும் வயல் ஊர்க்காரியின் கண்ணை.

என்னை வைத்தது கெப்டனிடமிருந்து எண்ணினால் நாலாவது இருக்கையில், படகின் மூக்குப் பக்கம். எனக்கு முன்னால் மற்ற மூன்று பேரின் முதுகுகள். என் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் மட்டும்தான். யாரும் என் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத இடமாகத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கெப்டன் “எக்கட்ட, எக்கட்ட” என்று கத்துவாள், ஒன்றாக, ஒன்றாக என்று. நாங்கள் ஒன்றாக இழுப்போம். ஐந்தாறு தரம் இழுத்ததும் என் கழுத்து தானாகத் திரும்பும். நான் திரும்பினால் படகு ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் கெப்டன் கத்துவாள்.

“நாலாம் நம்பர், திரும்பாத. முன்னுக்குப் பார்க்கத்தான் நான் இருக்கிறேன்.”

நீ இருப்பதுதான் பிரச்சினை என்று மனதில் சொல்லிக்கொண்டு, அடுத்த ஐந்தாறு வலிப்பில் மறுபடி திரும்புவேன்.

எனக்கு நேர் முன்னால் இருந்தவள் சிலாபத்துப் பிள்ளை. தமிழ் பேசுகிற கத்தோலிக்கப் பிள்ளை, ஆனால் சிங்களமும் தமிழும் அவள் வாயில் ஒரே தண்ணீராக ஓடும். முதல் நாள் கையில் கொப்பளம் வந்து நான் ஊதிக்கொண்டிருந்தபோது, “வலிச்சா வலிக்கத்தானே செய்யும்” என்று சொல்லித் தானே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் விடவில்லை.

“எங்கட அப்பா கடலுக்குப் போறவர். அவர்ட கையப் பாத்தா நீ மயங்கி விழுந்திடுவ. உங்கட வாப்பா என்ன செய்றார்?”

“வியாபாரம்.”

“என்ன வியாபாரம்?”

“பல வியாபாரம்.”

“பெரிய இடம்போல” என்றாள். அதில் கிண்டல் இருந்ததா இல்லையா என்று அன்று முழுக்க யோசித்தேன். தன் அப்பாவைப் பற்றி இவ்வளவு இலேசாக யாராவது சொல்லுவார்களா? என் வாயைக் கிளறுவதற்குத்தான் தன்னுடையதை முதலில் எடுத்துப் போட்டாள் என்று முடிவு செய்தேன். அவளோடு அளந்துதான் பேசினேன்.

நாலு சனிக்கிழமை போனது. ஐந்தாவது சனிக்கிழமை முழுநாள் பயிற்சி என்றார்கள். அன்று பின்னேரம் இந்த வருடம் முழுக்கப் படகில் இருக்கப்போகிற நாலு பேர் யார் என்று கெப்டன் சொல்லுவாள். எங்கள் பிரிவில் ஏழு பேர் இருந்தோம். மிச்ச மூன்று பேருக்குக் கம்பஸிலேயே அந்த இரும்பு இருக்கைதான். சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தாலும், எனக்கு அந்த இடம் வேண்டும். ஏன் என்று கேட்டால், நாலு துடுப்பும் ஒரே நேரத்தில் தண்ணீரை விட்டு வெளியே வருகிறபோது படகு ஒரு கணம் சத்தமில்லாமல் போகும். வாப்பாவின் தோணியில் அந்தச் சத்தமின்மையை நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை அறிவித்தல் பலகையில் சனிக்கிழமைக்குரிய பெயர்ப் பட்டியலை ஒட்டினார்கள். கழகம் முழுக்க, ஆண்களும் பெண்களுமாகப் பதினெட்டுப் பேர். என் பழக்கப்படி பெயருக்குப் பக்கத்தைப் பார்த்தேன். பதினேழு பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பேனையால் சிங்கள ‘ம’.

அன்றிரவு படிப்பை ஒதுக்கி வைத்தேன். முஸ்லிம் என்பதற்கு ‘ம’வா? அந்தக் கழகத்தில் முக்காடு போட்டவள் நான் ஒருத்திதான். அதை எழுதி வைத்து ஞாபகப்படுத்தத் தேவையில்லையே. அப்படியென்றால் வேறு என்ன? சிங்களத்தில் ‘ம’வில் தொடங்குகிற, எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். முஹுத கடல், மல பூ, மாவத்த வீதி என்று போய், ஒரு சொல்லில் வந்து நின்றேன். மாலு. மீன்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். கல்பிட்டியென்று ஊர் தெரியும், என் வாப்பாவை யாருக்காவது தெரிந்திருக்கும். படிவத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதியவளை, உண்மையில் யார் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். சொன்னது யார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை: சிலாபத்துப் பிள்ளைதான்.

போகாமல் விடலாம் என்று வெள்ளிக்கிழமை முழுக்க நினைத்தேன். ஆனால் போகாவிட்டால் ஒத்துக்கொண்டதாகிவிடும். சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே போனேன்.

கொட்டகைக்குப் பின்னால் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். தகரத்துக்கு மறுபக்கம் கெப்டனின் குரல், எதையோ எண்ணுவதுபோல. பிறகு சிலாபத்துப் பிள்ளையின் குரல் சிங்களத்தில், “மாலு எக்க” என்றது, மீன் ஒன்று, அதோடு சேர்த்து என் பெயரையும் சொன்னது. கெப்டன் ஏதோ கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தகரத்தில் ஒரு ஆணி ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது, பார்க்கவில்லை. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கி, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சிலாபத்துப் பிள்ளை, “எப்ப வந்த? காணவே இல்ல” என்றாள். அப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படகைத் தூக்கத் தோள் கொடுத்தேன்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று இலேசாக எழும்பியிருந்தது. வழக்கமான பக்கத்தில் அலை அடித்ததால், கெப்டன் அன்று படகை வடக்குப் பக்கமாக, நாங்கள் முன்பு போகாத இடத்துக்குத் திருப்பினாள். அங்கே கரை மறைத்துத் தண்ணீர் தட்டையாக இருந்தது. “எக்கட்ட, எக்கட்ட.” நல்ல வேகம். என் முன்னால் மூன்று முதுகுகளும் ஒன்றாக மடங்கி ஒன்றாக நிமிர்ந்தன. அன்று திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கே கட்டளை போட்டிருந்தேன். இடம் வேண்டுமே.

பத்து வலிப்புவரைதான் தாக்குப் பிடித்தேன். கழுத்து திரும்பியது.

தூரத்தில் தண்ணீருக்கு மேலே இரண்டு கம்புகள், முப்பது நாற்பது முழ இடைவெளியில். இரண்டின் தலையிலும் சிவப்புச் சீலைத் துண்டு கட்டியிருந்தது. கெப்டன் படகை இரண்டுக்கும் சரி நடுவில் போகிற மாதிரி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அவளைப் பிழை சொல்ல முடியாது. களப்பு தெரியாத யாரும் அதை ஒரு வாசல் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு நிலை, நடுவே வழி.

எங்கள் பக்கத்தில் அது வாசல் இல்லை, சுவர். இரண்டு கம்பிலும் ஒரே நிறம் என்றால் நடுவே ஒரே ஆளின் வலை. நிறம் வேறு வேறு என்றால்தான் இவருடைய வலை முடிந்து அவருடைய வலை தொடங்குகிற இடைவெளி, அதுதான் வழி. இதை எனக்கு யாரும் படிப்பித்ததாக ஞாபகம் இல்லை.

திரும்பி முன்னால் பார்த்து இழுத்தேன். ஒன்று. சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வியாபாரியின் மகளுக்கு வலைக் கம்பு எப்படித் தெரியும்? இரண்டு. கேட்கத் தேவையே இல்லை, ‘ம’ என்று ஏற்கெனவே எழுதித்தானே வைத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறந்ததும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள். மூன்று. சுக்கான் தகடு வலையில் மாட்டினால் இந்த வேகத்தில் வலை அந்த முனையிலிருந்து இந்த முனைவரை கிழியும். கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு வாப்பா ஒரு கிழமை யாரோடும் பேசாமல் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

“தெல” என்று கத்தினேன். வலைக்குச் சிங்களச் சொல் அது. “தெல, தெல, நிப்பாட்டுங்க.”

கெப்டனுக்கு விளங்குமுன் நான் துடுப்பை நேராகத் தண்ணீரில் குத்திப் பிடித்தேன். கைபிடி என் விலாவில் இடித்தது. படகு என் பக்கமாகச் சுழன்று, குறுக்காக நின்று ஆடியது. முதலாவது மிதவை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் மிதந்தது. வெட்டிய றப்பர்ச் செருப்புத் துண்டு.

கெப்டன் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

“அது வலையென்று உனக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா தெரிஞ்சது” என்றேன்.

அதற்குள் ஒரு தோணி வந்துவிட்டது. நரைத்த தாடி, தலையில் துவாய், கம்பை ஊன்றியபடி நின்றுகொண்டு வந்தார்.

“புள்ளையள், ஒங்களுக்குக் கண்ணு எங்க ஈக்கி? முதுகுலயா?” என்றார், ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கி’ என்கிற எங்கள் பக்கத்துப் பேச்சில். “முதுகக் காட்டிக்கிட்டு களப்புல போற ஆக்கள இண்டைக்குத்தான் பாக்குறன்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்க, தெரியாமப் போச்சு” என்றாள் சிலாபத்துப் பிள்ளை.

“தெரியாமயா? ரெண்டுலயும் சிவப்பு கட்டி ஈக்கி.” வலையை ஒரு தரம் தூக்கிப் பார்த்துக் கீழே விட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சீக்கி. இதுதான் துடுப்பக் குத்தின. கண்டன். நீ யார்ட மகள்?”

நான் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டேன்.

“சொல்லத் தேவல்ல. அந்த நெத்தியும் மூக்கும் வேற யாருக்கு ஈக்கி? எடது கையில ரெண்டு விரல் இல்லாதவர்தானே ஒங்கட வாப்பா? அவரோட ஏழு வருஷம் ஒரே தோணியில போன நான். கம்பஸுக்குப் போன மகளா நீ?”

“ஓம் மாமா.”

“களப்புப் பக்கமே வராம ஈக்கட்டும் எண்டு அந்த மனிசன் ஒன்னப் படிக்க வெச்சான். நீ படிச்சிட்டு வந்து களப்புல தண்டு வலிக்கிற. மீனுக்கா?”

“இல்ல.”

“எங்கயாச்சும் போறதுக்கா?”

“அங்க போய்த் திரும்பி வாறதுதான் மாமா.”

எங்கள் துடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “பைத்தியம்” என்றார், கோபமில்லாமல், ஒரு தகவல் சொல்வதைப் போல. “வாப்பாக்குத் தெரியுமா?”

“தெரியா.”

“நான் போய்ச் சொல்ல மாட்டன். அவர் கேட்டா மறைக்கவும் மாட்டன். அந்தா, சிவப்புக்கும் நீலத்துக்கும் எடையால போங்க.” கம்பை ஊன்றித் திரும்பினார்.

இவ்வளவும் தமிழில் நடந்தது. படகில் தமிழ் தெரிந்தது எனக்கும் இன்னொருத்திக்கும்தான். கெப்டன் அவளைக் கேட்டாள்: “என்ன சொல்றார்? இவளோடு என்ன இவ்வளவு நேரம் பேசினார்?”

எனக்கு முன்னால் இருந்த முதுகு மெல்லத் திரும்பியது. சிலாபத்துப் பிள்ளை என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். திரும்பினால் படகு சாயும் என்று தெரிந்தும்தான் திரும்பினாள். பிறகு கெப்டனிடம் சிங்களத்தில் சொன்னாள்: “ஏசினார். வலை கிழியல்லியாம். அந்த நீலக் கம்புப் பக்கமாகப் போகச் சொன்னார்.”

அவ்வளவுதான் சொன்னாள்.

கரைக்கு வரும்வரை அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வலித்தேன். ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லிவிட்ட விஷயத்தை இவள் ஏன் இப்போது மறைக்கிறாள்? கணக்கு ஒத்து வரவில்லை. பிறகு என்னிடம் எதையோ கேட்பதற்காக இதைக் கையில் வைத்திருக்கிறாளோ என்றும் நினைத்தேன். சந்தேகம் ஒரு பக்கம் அடைபட்டால் அடுத்த பக்கத்தால் வரும்.

மதியம் கொட்டகை நிழலில் வட்டமாக உட்கார்ந்தோம். ஒரு பெரிய பெட்டியில் சோற்றுப் பார்சல்கள் வந்திருந்தன. கெப்டன் எடுத்து எடுத்துக் கொடுத்தாள். கடைசியாக ஒன்றை எடுத்து, “மாலு எக்க” என்று என்னிடம் நீட்டினாள்.

பத்திரிகைத் தாளில் சுற்றிய பார்சல். மேலே கறுப்புப் பேனையால் சிங்கள ‘ம’.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

“என்ன பாக்குற? மத்தது எல்லாம் கோழி” என்றாள் சிலாபத்துப் பிள்ளை, தன் பார்சலைப் பிரித்தபடி. “எந்தக் கடை கோழியோ, ஹலாலோ இல்லையோ, நீ திங்க மாட்ட எண்டு நான்தான் அக்காட்ட சொன்ன. காலையிலயும் ஞாபகப்படுத்தின. மறந்திட்டாவெண்டா நீ வெறும் சோத்தத் திண்டிட்டு ஒண்டும் சொல்லாம இருப்பியே.”

“காலையில ரெண்டு பேரும் சிரிச்சீங்க” என்றேன். கேட்கக் கூடாது என்று நினைத்தும் வாயில் வந்துவிட்டது.

“கேட்டியா? ஒரு ஆளுக்காக மீன் போடமாட்டன் எண்டு கடைக்காரன் சண்ட பிடிச்சானாம். அப்ப பதினெட்டுப் பேருக்கும் சைவம் தா எண்டு அக்கா சொன்னாவாம். அவன் பயந்திட்டான்.”

பதினேழு பேர் கோழி தின்றார்கள். நான் தாளைப் பிரித்தேன். பொரித்த மீன் துண்டு ஒன்று சோற்றுக்கு மேல் இருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தோல், அந்த முள்ளின் வளைவு.

பேசாமல் தின்றிருக்கலாம். காலையில் தோணிக்காரர் சொன்னது இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. இனித் திறக்கவும் மாட்டாள் என்று எனக்கு ஏனோ தோன்றியது. என் ‘வியாபாரம்’ பத்திரமாகத்தான் இருந்தது.

“இது குளத்து மீன்” என்றேன், சிங்களத்தில், கெப்டனைப் பார்த்து. “களப்புக் கரையில் இருந்துகொண்டு யாராவது குளத்து மீன் தின்பார்களா?”

“வாயில் வைக்காமலே எப்படிச் சொல்ற?”

“எங்கட வாப்பா மாலுக்காரர். இந்தக் களப்புதான்.”

கெப்டனின் முகத்தையே பார்த்தேன். ஏளனம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது வேறு. சோற்றுக் கையை அப்படியே நிறுத்தினாள்.

“அப்படியென்றால் அந்தக் கம்பெல்லாம் என்னவென்று உனக்கு முதல் நாளே தெரியும்?”

“ஓம்.”

“நாலு கிழமையாக நான் குருடி மாதிரி ஓட்டுகிறேன். நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருந்தாய்?”

நான் மீன் துண்டைச் சோற்றின் ஓரத்துக்குத் தள்ளினேன். யாருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்த நாலு கிழமையும், தெரிந்ததைச் சொல்லாமல் ஐந்து பேரைப் படகில் கொண்டு திரிந்தவள் நான்தான். பொதிப் பட்டியலைப் பார்த்தும் பார்க்காமல் விட்டேனே, அதைவிட இது மோசம். அன்று தெரியாமல் விட்டேன்.

கெப்டன் மிச்சச் சோற்றைத் தின்று முடித்தாள். தாளைச் சுருட்டினாள். கை கழுவிக்கொண்டு வந்து, இந்த வருடம் முழுக்க யார் யார் எந்த இருக்கையில் என்று வாசித்தாள். நாலாம் நம்பர் நான்.

“திரும்பிப் பார்” என்றாள். “ஆனால் பார்த்தால் சொல்ல வேண்டும். சும்மா பார்க்கிறது இனி இல்லை.”

அந்த இடம் எனக்குக் கிடைத்தது வலித்ததற்கா, பார்த்ததற்கா என்று நான் அப்போதும் யோசித்தேன். மீன்காரரின் மகள் என்று சொன்ன பிறகுதானே தந்தாள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது, இன்னும் கேட்கவில்லை. வாப்பாவிடம் அடுத்த வெள்ளிக்கிழமை நானே சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டா என்று இரண்டு தரம் கேட்டார், நம்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரமே மறுபடி வடக்குப் பக்கம் போனோம். காற்று விழுந்திருந்தது. பத்தாவது வலிப்பில் கழுத்தைத் திருப்பினேன். படகு இலேசாகச் சாய்ந்தது. முன்னால் இருந்த முதுகு அதைத் தன் பக்கம் இழுத்துச் சரிப்படுத்தியது.

“சிவப்பும் நீலமும்” என்று உரக்கச் சொன்னேன். “போகலாம்.”